ஜே காட்ஸ் எழுதிய தனிக்குறிப்புகள்

மருத்துவச் சட்டம், மருத்துவ அறம் என்று வாழ்ந்த பேராசிரியர்களைப் பற்றி எழுதினால், இந்தக் குழுவில் இருந்தார், அந்த அறிக்கை கொடுத்தார் என்று பட்டியல்தான் வரும். யேல் சட்டக் கல்லூரியின் ஜே காட்ஸுக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. எனக்கு அவரைப் பிடித்ததற்குக் காரணம் வேறு. தான் இருந்த குழுவின் அறிக்கையே போதவில்லை என்று பட்டால், தன் பெயரில் தனியாக எழுதி அதோடு சேர்த்துவிடுவார் மனுஷன்.

1922ல் ஜெர்மனியில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி 1940ல் அமெரிக்கா வந்து, ஹார்வர்டில் படித்து மனநல மருத்துவரானவர். மனிதர்கள்மீது நடக்கும் சோதனைகளைப் பற்றிச் சட்ட மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். சம்மதமில்லாமல் யார்மீதும் சோதனை செய்யக்கூடாது என்று நாஜி டாக்டர்கள் வழக்கில் 1947ல் பிறந்த நியூரம்பர்க் நெறிகளை அமெரிக்க டாக்டர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை ஒரே வரியில் போட்டு உடைத்தார்: அது காட்டுமிராண்டிகளுக்கு நல்ல சட்டம், நமக்குத் தேவையில்லை!

அந்த 'நாம்' என்ன செய்துகொண்டிருந்தோம்? அலபாமாவில் டஸ்கீகி ஆய்வு. சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களிடம் 'கெட்ட ரத்தத்துக்கு' வைத்தியம் என்று சொல்லிவிட்டு, 1932 முதல் 40 வருஷம் நோய் முற்றுவதை அமெரிக்க அரசின் டாக்டர்கள் வேடிக்கை பார்த்தார்கள். நோயைக் குணப்படுத்தும் பென்சிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுக்க அவர்களை வரவழைத்த கடிதத்தில், விசேஷ இலவச சிகிச்சைக்கு இதுவே கடைசி வாய்ப்பு என்று எழுதியிருந்தது. உண்மையில் அது வெறும் பரிசோதனை. செத்தபின் உடலை அறுத்துப் பார்க்கவிட்டால் ஈமச் செலவுக்கு 50 டாலர். இது ரகசியமாகவும் நடக்கவில்லை. 1936 முதலே மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்தன. படித்தவர்களில் அநேகம் பேர் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு ஆறாதது அதுதான்.

1972ல் விஷயம் பத்திரிகைக்கு வந்ததும் அரசு அமைத்த குழுவில் காட்ஸும் இருந்தார். ஆய்வு நியாயமற்றது என்றது குழு. அவருக்கு அது பத்தவில்லை. இவர்களைச் சுரண்டினார்கள், ஏமாற்றினார்கள், ஆய்வுப் பொருளாக நடத்தினார்கள் என்று தனிக்குறிப்பு எழுதினார். மனிதர்கள்மீது நடந்த கதிரியக்கச் சோதனைகளை விசாரித்த குழுவின் 1995 அறிக்கையிலும் அவருடைய தனிக்குறிப்பு உண்டு.

நோயாளியிடம் விவரம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தபோது இவர் மகிழ்ந்திருக்க வேண்டுமே? 1977ல் எழுதிய கட்டுரைத் தலைப்பிலேயே இது தேவதைக் கதையா என்று கேட்டார். படிவத்தில் கையெழுத்து வாங்குவதும் பேசுவதும் ஒன்றா? மார்பகப் புற்றுநோய்க்கு எது சிறந்த சிகிச்சை என்று உறுதியாகத் தெரியாது என இவரிடம் ஒப்புக்கொண்ட ஒரு சர்ஜன், சில நாள் முன்புதான் தன் நோயாளியிடம் பெரிய ஆபரேஷன்தான் ஒரே வழி என்று அடித்துச் சொல்லியிருந்தார். 'தெரியாது' என்பதை நோயாளியிடம் சொல்லுங்கள் என்பதுதான் காட்ஸ் கடைசிவரை கேட்டது.

வலியில் துடிப்பவரிடம் போய்த் தெரியாது என்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், அவசர சிகிச்சையில் நானும் தயங்குவேன். ஆனால் அந்தப் பதிலைத் தாங்க முடியாதவர் பெரும்பாலும் டாக்டர்தான் என்று மனநல மருத்துவரான காட்ஸ் சொல்லும்போது எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

மனிதச் சோதனைகளை மேற்பார்வையிட, அதிகாரமுள்ள ஒரு தேசிய வாரியம் வேண்டும் என்று 1970களிலேயே வாதாடினார். ஆராய்ச்சி நடக்கும் நிறுவனத்தின் குழுவே அதைச் சரிபார்க்கும் ஏற்பாடுதான் வந்தது. 2008ல் அவர் இறந்தார். அவர் கேட்ட வாரியம் இன்னும் வரவில்லை.