காட்டில் விட்டுவிட்டு வந்த அப்பா

குழந்தைகளுக்குப் படித்துக் காட்டும் ஐரோப்பியத் தேவதைக் கதைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் சொல்லும் குறை இரண்டு. ஒன்று, ரத்தமும் கொடூரமும். இன்னொன்று, இளவரசன் வரும்வரை காத்துக்கிடக்கும் பெண். இரண்டும் நியாயமான குறைகள்தான். ஆனால் ஒரு பெண் குழந்தையின் அப்பாவாக எனக்கு அதிகம் உறுத்துவது வேறு. இந்தக் கதைகளில் அப்பாக்கள் என்ன செய்தாலும் தப்பித்துவிடுகிறார்கள்.

ஹான்சல், கிரெட்டல் கதையை எடுத்துக்கொள்வோம். பஞ்சம். விறகுவெட்டி வீட்டில் சாப்பாடு இல்லை. பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்கிறாள் மனைவி. அவர் முதலில் மறுத்து, அப்புறம் சம்மதிக்கிறார். இது எல்லாருக்கும் தெரியும். ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் தொகுத்து எழுதிய முழு வடிவத்தில் இதற்குப் பிறகு ஓர் இடம் வரும். காட்டுக்கு நடுவில் தீ மூட்டிப் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டு, மரம் வெட்டப் போவதாகச் சொல்லிப் பெரியவர்கள் இருவரும் போய்விடுகிறார்கள். கோடரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. அப்பா பக்கத்தில்தான் இருக்கிறார் என்ற நம்பிக்கையில் பிள்ளைகள் ரொட்டியைத் தின்றுவிட்டு அப்படியே தூங்கிப்போகிறார்கள். ஆனால் அது கோடரிச் சத்தம் இல்லை. ஒரு கிளையைப் பட்டமரத்தில் அவர் கட்டிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். காற்றடிக்கும்போதெல்லாம் அது மரத்தில் போய் மோதுகிறது.

பெண்டாட்டியின் நச்சரிப்பு தாங்காமல் தலையாட்டிய அப்பாவி செய்கிற வேலையா இது? கிளையைப் பார்த்து எடுக்க வேண்டும், மரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், காற்றில் ஆடும்படி கட்ட வேண்டும். பிள்ளைகள் தன்மீது வைத்திருக்கும் நம்பிக்கையையே அவர்களை ஏமாற்றப் பயன்படுத்துகிறார். முதல் முறை பிள்ளைகள் வழியில் போட்டுவைத்த கூழாங்கல்லைப் பார்த்து வீடு திரும்பியதும் இரண்டாவது முறையும் கூட்டிப்போய் விடுகிறார். முதலில் இணங்கியவன் மறுபடியும் இணங்கித்தானே ஆக வேண்டும் என்று கதையே அவருக்காகப் பரிந்து பேசுகிறது.

முடிவில் என்ன ஆகிறது? மனைவி செத்துப்போகிறாள். பிள்ளைகள் காட்டில் தங்களைப் பிடித்துவைத்த சூனியக்காரியின் முத்துகளையும் மணிகளையும் அள்ளிக்கொண்டு ஓடிவந்து அப்பா கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். 'ஏன்பா எங்களை விட்டுட்டுப் போனீங்க?' என்று ஒரு கேள்வி கிடையாது. பிள்ளைகளைப் பிரிந்ததிலிருந்து அவருக்கு ஒரு நல்ல பொழுதுகூட இல்லையாம். ஒரே வரியில் கணக்குத் தீர்ந்தது.

1812இல் வந்த முதல் பதிப்பில் விறகுவெட்டியின் மனைவி பெற்ற தாய்தான். 1840 பதிப்பில்தான் மாற்றாந்தாய் ஆக்கப்பட்டாள். ஸ்னோ ஒயிட் கதையிலும் முதலில் பெற்றவளேதான் மகளைக் கொல்லப் பார்த்தாள். 1819இல் அவளையும் மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். பெற்ற தாய் இப்படிச் செய்வதைப் பிள்ளைகள் படிக்கக் கூடாது என்று தோன்றியிருக்கலாம். ஆனால் பெற்ற தகப்பன் செய்வதைப் பற்றி அப்படி ஒரு கூச்சம் யாருக்கும் வரவில்லை. விறகுவெட்டி எல்லாப் பதிப்பிலும் பெற்ற அப்பாவாகவேதான் இருக்கிறார்.

சின்ட்ரெல்லாவின் அப்பா செத்துவிட்டார் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கிரிம் கதையில் அவர் உயிரோடு அதே வீட்டில் இருக்கிறார். செருப்போடு வந்த இளவரசன் வேறு மகள் இல்லையா என்று கேட்கும்போது, செத்துப்போன மனைவியின் மகள் ஒருத்தி இருக்கிறாள், வளர்ச்சியில்லாத சின்னப் பெண், அவள் மணப்பெண்ணாக இருக்கவே முடியாது என்கிறார். பெற்ற மகளைப் பற்றி! கடைசியில் புறாக்கள் வந்து கண்ணைக் கொத்துவது அக்காமார்களுக்குத்தான். ரம்பல்ஸ்டில்ட்ஸ்கின் என்ற இன்னொரு கிரிம் கதையில், ராஜாவிடம் பெருமையடிக்க ஆசைப்பட்டு, என் மகள் வைக்கோலைத் தங்கமாக நூற்பாள் என்று அளந்துவிடுகிறார் ஒரு மாவு மில்காரர். விடிவதற்குள் நூற்காவிட்டால் சாவு என்று அந்தப் பெண்ணைப் பூட்டிவைக்கிறான் ராஜா. மில்காரர் அதற்குப் பிறகு கதையிலேயே வருவதில்லை.

கதைதானே, விடு என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், மனைவியை இழந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டவர். மூத்தவளின் மகனுக்குத் தினமும் சோறூட்டி, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர் எதிரிலேயே அந்தப் பையனிடம் "சித்தி ஒழுங்கா சாப்பாடு போடுறாங்களாடா?" என்று கேட்பார்கள். "அப்பா ஒழுங்கா பாத்துக்கிறாராடா?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. இதற்கு ஜெர்மானியக் கதைகள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை, நம்மிடமே சித்தி கொடுமைக் கதைகள் ஏராளம். ஆனால் தினமும் படுக்கையில் படித்துக் காட்டி அதே சந்தேகத்தை அடுத்த தலைமுறைக்கும் நாம் ஏன் ஊட்ட வேண்டும்?

புரூனோ பெட்டல்ஹைம் என்ற உளவியலாளர் 1970களில் இதற்கு ஒரு சமாதானம் சொன்னார். அம்மா மேல் வரும் கோபத்தைக் கெட்ட மாற்றாந்தாய் மேல் இறக்கிவைத்துவிட்டால், குழந்தையின் மனதில் நல்ல அம்மா பத்திரமாக இருப்பாளாம். பெற்ற தாயோடு வளரும் குழந்தைக்கு அது பொருந்தலாம். சித்தி மடியில் உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்கும் குழந்தைக்கு?

இந்தக் கதைகளைப் படிக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கூழாங்கல் நிலவொளியில் மின்னும் இடம் என் மகளுக்கு உயிர். அதை எதற்குப் பறிக்க வேண்டும்? நான் பார்த்த தமிழ்ப் படப் புத்தகங்களில் அந்தக் கிளை வரும் இடம் இல்லவே இல்லை. 'நல்ல அப்பா, பொல்லாத சித்தி' என்று முதல் பக்கத்திலேயே தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். அதனால் நான் கிளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கட்டியது அப்பாதான் என்றும் சொல்கிறேன். மகள் கோபப்படுகிறாள். படட்டும், அந்தக் கோபம் நியாயமானது.

இதைப் படிப்பவர்களில் சிறுவர் நூல் பதிப்பிக்கும் நண்பர்கள் சிலர் இருக்கிறீர்கள். அடுத்த பதிப்பில் 'நல்ல அப்பா' என்பதை எடுத்துவிட்டு அந்தக் கிளையைத் திரும்பச் சேருங்கள். கடைசிப் பக்கத்துக் கட்டத்தில் போடும் 'இக்கதையின் நீதி'யையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.