"குடிகார லீடர்"னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டீங்களே

நேத்து பிரிட்டன்ல லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவரா இருந்த சார்லஸ் கென்னடி பத்தி நான் போட்ட போஸ்ட்டுக்குக் கீழ நம்ம நண்பர் ஒருத்தர் "யாரு, அந்தக் குடிகார லீடரா"ன்னு சிரிக்கிற எமோஜி போட்டாரே, பாத்திருப்பீங்க. ஸ்க்ரீன்ஷாட் அனுப்ப வேணாம், நானே பாத்தேன். அவ்ளோதானா அந்த மனுஷன்?

ஸ்காட்லாந்து மலைப்பக்கத்துக்காரர். அமெரிக்காவுல படிச்சிட்டிருந்தவர் 1983ல ஊருக்கு வந்து எலெக்‌ஷன்ல நிக்கிறாரு, வயசு 23. எதிர்ல மந்திரியா இருந்த ஹேமிஷ் கிரே. அப்பா பிடில் வாசிப்பாரு, அப்புறம் புள்ள பேசுவாரு, அப்படி ஓட்டு கேட்டு ஜெயிச்சாங்க. அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு, குடிச்சாரு, அது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

2003ல ஈராக் போர் வந்தப்ப பிரதமர் பிளேரும் எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியும் ஒரே பக்கம், இவர் லிபரல் டெமாக்ரட் தலைவரா நின்னு வேணாம்னாரு. அந்த ஊர் 'சன்' பேப்பர் இவர் படத்தப் பாம்பு படத்தோட சேத்துப் போட்டு அசிங்கப்படுத்துச்சு. அப்புறம் ஈராக்ல இருக்குன்னு சொன்ன அந்தப் பேரழிவு ஆயுதம் எங்கங்க கெடைச்சுது? அன்னைக்கு அந்த சபையில நிதானமா இருந்தது யாருன்னு நீங்களே சொல்லுங்க.

2005ல அவர் தலைமையில கட்சிக்கு 62 சீட்டு. 1923க்கு அப்புறம் அந்தக் கட்சிக்கு அவ்ளோ கெடைச்சதே இல்ல. எட்டே மாசத்துல, எனக்குக் குடிப்பிரச்சனை இருக்குன்னு அவரே வெளிப்படையா சொன்னாரு, சொந்தக் கட்சி எம்பிங்களே நெருக்கி ரெண்டே நாள்ல ராஜினாமா பண்ண வச்சாங்க.

"பொறுப்புல இருக்கறவன் குடிக்கலாமா"ன்னு வருவீங்க. கூடாது. பல வருஷம் மறைச்சதும் தப்புதான். ஒத்துக்கிட்டேன், போதுமா?

எங்க சித்தப்பா எலக்ட்ரீஷியன். காலையில டீ டம்ளரப் புடிச்சா கை நடுங்கி சட்டையெல்லாம் சிந்தும், டெஸ்டர எடுத்தா மட்டும் எப்படியோ நடுக்கம் நின்னுடும். தெருவுல பாதி வீட்டுக்கு வயரிங் அவருதான், நடுராத்திரி ஃபியூஸ் போனாலும் அவர் கதவத்தான் தட்டுவாங்க. சாவுக்கு வந்தவங்க அவரே மாட்டின ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கிட்டு "குடிச்சே செத்தான்"னாங்க. சித்தி அங்கதான் இருந்தாங்க.

நீ உன் கதைய கென்னடி மேல ஏத்துறன்னு சொல்லுவீங்க, சொல்லிக்கோங்க. 2010ல அவர் கட்சி கன்சர்வேட்டிவ் கூட கூட்டணி போனப்ப அதுக்கு நான் ஓட்டுப் போட மாட்டேன்னு ஒதுங்கி நின்னவர் அவரு, ஆனா 2015ல ஜனங்க அந்தக் கட்சி மேல இருந்த கோவத்த இவர் மேலயும் காட்டினாங்க, 32 வருஷம் இருந்த எம்பி பதவி போச்சு. அதுக்கு முந்தின மாசம்தான் அந்த பிடில் வாசிச்ச அப்பா இறந்திருந்தாரு. ஜூன் 1ஆம் தேதி ஃபோர்ட் வில்லியம்ல தன் வீட்லயே இவரும் போயிட்டாரு. வயசு 55. ஆமா, குடிதான் காரணம், நான் மறைக்கல.

அப்ப பத்து வயசுப் பையன் ஒருத்தன் இருந்தான் அவருக்கு.

நண்பரே, உங்கள அன்ஃப்ரெண்ட் எல்லாம் பண்ணல. அந்த எமோஜிய மட்டும் எடுத்துடுங்க.