வெற்றிக்காக மன்றாடலாமா?

போர் என்று வந்துவிட்டால் கிறிஸ்தவன் யார் பக்கம்? "நாட்டின் பக்கம், இதில் என்ன கேள்வி?" என்பார்கள். சரி. ஆனால் எதிரியின் சாவுக்கும் சேர்த்து ஆமென் சொல்ல வேண்டுமா?

2025 மே மாதம் இந்தியா-பாகிஸ்தான் சண்டை நடந்தபோது, தமிழக எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில் எங்கள் அன்பியத்தின் (பங்கிலுள்ள அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த செபக்குழு) வாட்ஸ்அப் குழுவில் ஏவுகணை வீடியோவும் செபமாலைப் படமும் மாறிமாறி வந்தன. "எதிரிகளை அழித்தருளும் ஆண்டவரே" என்று ஒருவர் போட, கீழே வரிசையாக ஆமென். நான் போடவில்லை. பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்ற என் சித்தப்பாவும் போடவில்லை. அவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, என்னிடம் மட்டும் தேசபக்தி விசாரணை. மே 11 ஞாயிறு அன்று, தேர்ந்தெடுக்கப்பட்டுச் சில நாட்களே ஆன போப் லியோ, இனி ஒருபோதும் போர் வேண்டாம் என்று சொல்லி, சண்டை நிறுத்தத்தை வரவேற்றார். அந்தச் செய்தி எங்கள் குழுவுக்கு வரவே இல்லை.

நம் பக்கத்திலேயே ஒரு கதை இருக்கிறது. 1741இல் குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய், பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையையே பயிற்றுவித்தார். நட்டாலத்து நீலகண்டனுக்குக் கிறிஸ்துவை அறிமுகப்படுத்தியவரும் அவர்தான். 1745இல் திருமுழுக்குப் பெற்று தேவசகாயம் ஆனவரை, 1752இல் காற்றாடிமலையில் அதே அரசின் சிப்பாய்கள் சுட்டுக் கொன்றார்கள். டிலனாய் 1777இல் சாகும்வரை திருவிதாங்கூர் படையில்தான் இருந்தார். உதயகிரிக் கோட்டையில் அவர் கல்லறை இன்றும் இருக்கிறது. (கொலைக்கு மதம்தான் காரணமா என்ற வாதம் வரலாற்றுக்காரர்களிடம் உண்டு. அதற்குள் நான் போகவில்லை.) 2022இல் தேவசகாயம் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, தமிழக-கேரள எல்லைக்கு இரண்டு பக்கமும் வெடி போட்டோம். வணங்குவது தேவசகாயத்தை, வாழ்வது டிலனாயைப் போல. நானும் சம்பளம் வாங்குகிறவன்தான், டிலனாயைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

படையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் (உலகக் கத்தோலிக்க ஆயர்களின் பேரவை), மனச்சாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்பவருக்குச் சட்டம் இடம் தர வேண்டும் என்றது. நாட்டைக் காக்கும் வீரரையும் அதே ஏட்டில் மதித்தது. நம் நாட்டில் கட்டாய ராணுவச் சேவை கிடையாது. நம் கையில் யாரும் துப்பாக்கியைத் திணிக்கப்போவதில்லை. நம்மிடம் கேட்பதெல்லாம் ஒரு ஆமென், ஒரு ஃபார்வர்டு, தேர்தல் வந்தால் ஒரு ஓட்டு. அந்த ஓட்டைக்கூட, "சபைக்கு யார் நல்லது செய்வார்கள்?" என்று கேட்டே போடப் பழகிவிட்டோம். சபைக்கு வெளியே இருப்பவனுக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விசாரிப்பதில்லை.

"வாளை உறையில் போடு" என்று இயேசு சொன்னது எதிரியிடம் அல்ல, தன்னைக் காப்பாற்ற வாளை உருவிய சொந்தச் சீடரிடம்.

திருப்பலியில் வாசிக்கும் விசுவாசிகள் மன்றாட்டில், இந்தியா-பாகிஸ்தான் இரண்டு பக்கமும் செத்தவர்களைச் சேர்க்கலாமா என்று பங்குத்தந்தையிடம் கேட்டிருக்கிறேன். "பாப்போம்" என்றிருக்கிறார். சித்தப்பா மட்டும், "எழுதிக் கொடு, நான் வாசிக்கிறேன்" என்றார்.