டயர் அக்காவாகவே இருந்துட்டுப் போறேன்

பெங்களூர் பக்கத்து ஆனேக்கல்ல நடந்த டிராக்டர் விதைப்புக் கருவி டெமோ வீடியோவை இதுக்குள்ள எல்லாரும் பார்த்து முடிச்சிருப்பீங்க. மேலேர்ந்து ட்ரோன் ஷாட், பின்னாடி மாஸ் பாட்டு, நடுவுல நான் கையை நீட்டி ஏதோ கேக்குறது, சுத்தி நிக்கிறவங்க சிரிக்கிறது. "டயர் அக்கா"ன்னு தலைப்பு வேற. பேசாம விட்டுடலாம்னுதான் இருந்தேன். நேத்து ராத்திரி சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அதையே எனக்கு ஃபார்வேர்ட் பண்ணி "அத்தை, நீங்களா இது?"ன்னு கேட்டதுக்கு அப்புறம் முடியல.

நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "டயர் எந்த வரிசை மேல ஓடுது?" வீடியோவுல அது காதுல விழாது. அந்த இடத்துலதான் பாட்டு சத்தமா வருது.

இதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்கு இன்னும் புரியல. கணக்கைப் பாருங்க. அன்னைக்கு ஓட்டினது எட்டு வரிசை விதைப்புக் கருவி. நிலக்கடலை, வரிசைக்கு வரிசை 30 செ.மீ. கருவியோட நடுவுலேர்ந்து ரெண்டு பக்கமும் அளந்தா வரிசைங்க 15, 45, 75, 105 செ.மீ. தள்ளி விழும். கூட்டம் பிரியாணிக்குக் கலைஞ்சதும் கைப்பையில இருந்த தையல் டேப்பை எடுத்து டிராக்டரை அளந்தேன். ஒரு பின் சக்கரத்தோட நடுவுலேர்ந்து மறு பின் சக்கரத்தோட நடு வரைக்கும் 140 செ.மீ., இதைத்தான் டிராக்னு சொல்றது. அப்படின்னா வண்டியோட நடுவுலேர்ந்து ஒவ்வொரு சக்கரமும் 70-ல ஓடுது. டயர் 16.9 சைஸ், அதாவது 16.9 அங்குலம், அகலம் 43 செ.மீ. அது மிதிக்கிறது 48-லேர்ந்து 92 வரைக்கும். இப்ப சொல்லுங்க, 75-ல விழ வேண்டிய வரிசை எங்க இருக்கு? டயருக்கு நேர் கீழ. இந்தப் பக்கம் ரெண்டாவது வரிசை, அந்தப் பக்கம் ஏழாவது வரிசை. எட்டுக்கு ரெண்டு. கால்வாசி வெள்ளாமையை முதல்ல மிதிச்சுட்டு அப்புறம் விதைக்கிறோம்.

அதுவும் எப்ப? முந்தின நாள் ராத்திரி மழை பெய்ஞ்ச செம்மண்ணுல. பக்கத்து நிலத்துப் பெரியவர் வேலி ஓரமா நின்னுக்கிட்டு "மண்ணு இன்னூ ஹசி இதெ"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ஈரம் காயலையேங்குறாரு. அவர் காலங்காலமா ராகி போடுற மனுஷன். அவரை யாரும் வீடியோ எடுக்கல.

ஈர மண்ணு மேல ரெண்டு டன் வண்டி ஏறினா என்ன ஆகும்னு தெரிய பெரிய படிப்பு எதுவும் வேண்டாம். மண்ணுக்குள்ள காத்தும் தண்ணியும் போற பெரிய துளைங்கதான் முதல்ல மூடும். மொத்தமா ஆகுற இறுக்கத்துல பெரும்பங்கு அந்த முதல் ஓட்டத்துலயே ஆயிடும். அதனால "இன்னைக்கு ஒரு நாள்தானே"ங்குற பேச்சுக்கே இடமில்ல. டயர் முன்னாடி போகுது, கருவியோட கொழு, அதாவது மண்ணைக் கீறுற இரும்பு, பின்னாடி வருது. இறுகின தடத்துல கொழு இறங்காது. மத்த வரிசையில அஞ்சு செ.மீ. ஆழம் போற விதை இங்க மேலாகவே கிடக்கும். தப்பி முளைச்சாலும் வேர் பக்கவாட்டுல ஓடும். நிலக்கடலைக்கு இன்னொரு பிரச்சினை இருக்கு, அதை யாருமே பேச மாட்டாங்க. பூ பூத்ததுக்கு அப்புறம் அதுலேர்ந்து கிளம்புற விழுது மண்ணுக்குள்ள இறங்கினாத்தான் காய். அதுக்காகத்தான் ஜிப்சம் போட்டு மண்ணு அணைக்கிறோம். மண்ணு கல்லு மாதிரி இருந்தா விழுது எங்க போய் இறங்கும்? செடி மட்டும் மேல பச்சையா நிக்கும், போட்டோவுக்கு நல்லா இருக்கும்.

என் கேள்வி இதுதான். சக்கரம் எங்க ஓடுது? வரிசைக்கு நடுவுலயா, வரிசை மேலயா? இதைப் பார்க்காம கருவி வாங்காதீங்க, வாடகைக்கும் எடுக்காதீங்க.

நவம்பர்ல பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழக வளாகத்துல, ஜி.கே.வி.கே.ல, நடக்குற கிருஷி மேளாவுக்குப் போனீங்கன்னா தெரியும். விதைப்புக் கருவி ஸ்டால்ல கூட்டம் அள்ளும். எத்தனை வரிசை, விலை என்ன, மானியம் 40 சதவீதமா 50 சதவீதமா, எல்லாம் கேப்பாங்க. "என் டிராக்டர் டிராக் இவ்வளவு, இதுக்குப் பொருந்துமா"ன்னு ஒருத்தர் கேட்டு நான் பார்த்ததில்ல. விக்கிறவரும் சொல்ல மாட்டாரு, அவருக்கு என்ன வந்துது. இத்தனைக்கும் டிராக் அளவு ஒண்ணும் ரகசியம் இல்ல. மத்தியப் பிரதேசத்துல புத்னியில இருக்குற அரசு பரிசோதனை நிலையத்தோட அறிக்கையில ஒவ்வொரு மாடலுக்கும் போட்டிருப்பாங்க. இல்லையா, டேப் இருக்கு.

"அமெரிக்காவுல இருபது டன் டிராக்டர் ஓடுது, நம்ம ரெண்டு டன் வண்டிக்கு இவ்வளவு அலட்டலா?"ன்னு ஒரு நண்பர் எழுதியிருக்காரு. இது நியாயமான கேள்வி, நியாயமாவே பதில் சொல்றேன். ஆழத்துல, அடி மண்ணு வரைக்கும் இறுகுறது அச்சு மேல வர்ற பாரத்தைப் பொறுத்தது. அங்க நம்ம வண்டி சின்னதுதான், ஒத்துக்குறேன். ஆனா மேல் மண்ணு இறுகுறது டயர்க் காத்தைப் பொறுத்தது. டயருக்குள்ள எத்தனை பவுண்டு காத்து இருக்கோ, ஏறக்குறைய அதே அழுத்தம்தான் மண்ணு மேலயும். கடலை விதை எங்க போடுறோம்? அஞ்சு செ.மீ. ஆழத்துல. அந்த இடத்துக்கு இருபது டன்னும் ரெண்டு டன்னும் தெரியாது, காத்து எவ்வளவுன்னுதான் தெரியும்.

அன்னைக்கு வந்த டயர்ல காத்து எவ்வளவு இருந்துதுன்னு யாருக்காவது தெரியுமா? டிரைவர் தம்பியே சொன்னாரு, வாரம் பூரா மாலூர்ல செங்கல் லோடு. ட்ரெய்லர் இழுக்குற வண்டிக்கு காத்து ஏத்தித்தான் வச்சிருப்பாங்க, அது அவர் பிழைப்பு, அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். வயலுக்கு 12, 14 பவுண்டு போதும். இறக்கிட்டு ஓட்டுங்கன்னு சொல்ல வேண்டியது கூட்டம் கூட்டினவங்க. அந்த நிலத்துல மண்ணு ஈரத்துக்கு சென்சார் நட்டு வச்சிருக்காங்க. போன்ல கிராஃப் வருது. விதை எண்ண ஒரு ஆப், படம் பிடிக்க ஒரு ட்ரோன். இருநூறு ரூபா டேப்பும் ஒரு காத்து கேஜும் இல்ல. என்ன ஒரு ஊருப்பா இது!

"மாட்டுக் குளம்பும்தான் மண்ணை அழுத்தும்"னு ஒரு கமென்ட். அழுத்தும். குளம்பு சின்னது, அழுத்தம் ஜாஸ்திகூட இருக்கலாம். ஆனா பாரம் கொஞ்சம்தானே, மேலாகவே நின்னுடும், இறங்காது. மாடு நாலு கால்ல விட்டு விட்டு நடக்குது, நிலத்தோட இந்தக் கோடிலேர்ந்து அந்தக் கோடிக்கு ஒன்றரை அடி அகலத்துல ரோடு போடல. இதுக்கு மேல மாட்டைப் பத்திப் பேச விருப்பம் இல்ல.

"உளிக்கலப்பை போட்டு விட்டா சரியாயிடுமே?" அது ஆழமாக் கீறி இறுகின மண்ணை உடைக்கிற கலப்பை. மூணு வருஷத்துக்கு ஒரு தரம் போடச் சொல்றாங்க, போடணும், நல்லதுதான். ஆனா உடைச்சு விட்ட மண்ணு மேல அடுத்த வாரமே கண்ட இடத்துல டயர் ஏத்தினா பழையபடி இறுகிடும். தொளதொளன்னு இருக்குற மண்ணுதான் சீக்கிரம் அமுங்கும்.

எங்க அப்பா திருப்பத்தூர் பக்கத்துலேர்ந்து பெங்களூர் வந்தவர். பழைய மெட்ராஸ் ரோட்டுல ஒரு டிராக்டர் வொர்க்‌ஷாப்ல மெக்கானிக். பரீட்சை லீவுல நான்தான் சாப்பாடு கொண்டு போவேன், அங்கேயே உக்காந்துடுவேன். ஹோஸ்கோட்டே பக்கத்துலேர்ந்து ஒரு உருளைக்கிழங்கு விவசாயி வருவாரு. சீசனுக்கு முன்னாடி வண்டியைக் கொண்டு வந்து நிறுத்தி, டிராக் அகலத்தை மாத்த ரிம்மைத் திருப்பிப் போடுன்னு நிப்பாரு. பெரிய டயர்ல முக்கால்வாசி தண்ணி ரொப்பியிருக்கும். அதைக் கழட்டி உருட்ட ரெண்டு ஆள் வேணும். ஒரு பக்கம் உருண்டு வந்தா கால் போயிடும். அப்பா முணுமுணுப்பாரு, ஆனா செய்வாரு. முன் அச்சுல ஓட்டை மாத்தி முன் சக்கரத்தையும் பின் சக்கரக் கோட்டுக்கே கொண்டு வருவாரு, இல்லன்னா ரெண்டு தடத்துக்கு நாலு தடம் ஆயிடும். அதுக்கு முன்னாடி சிமென்ட் தரையில சாக்பீஸால கிழங்கு நடுற மேட்டு வரிசை மாதிரி கோடு போட்டு, டயரை எங்க வைக்கணும்னு அந்த விவசாயியும் அவரும் சண்டை போட்டுக்குவாங்க. ஒருத்தர் கன்னடத்துல, ஒருத்தர் தமிழ்ல. கோடு போட்ட தரையைக் கூட்ட விட மாட்டாரு. எனக்கு இந்தக் கணக்கு அங்க வந்தது. யூடியூப்ல இல்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். "வாடகை டிராக்டர்காரன் உனக்காக ரிம்மைத் திருப்பிப் போடுவானா?" மாட்டான். மணிக்கணக்குல காசு வாங்குறவர் எப்படிச் செய்வாரு? அதனால வண்டியை மாத்தாதீங்க, கருவியை மாத்துங்க. விதைப்புக் கருவியில ஒவ்வொரு கொழுவும் சட்டத்துல யூ போல்ட்டுலதான் நிக்குது. ஸ்பேனர் இருந்தா நகர்த்தலாம், விதைப் பெட்டியில ஒரு வரிசைக்கு விதை போற வழியை அடைக்கலாம். ஒற்றைப்படையா இரட்டைப்படையா வரிசை வைக்கிறதுல பாதிப் பிரச்சினை தீர்ந்துடும். 45 செ.மீ. இடைவெளிக்கு மூணு வரிசையோ அஞ்சு வரிசையோ வச்சா 135 டிராக் வண்டி கச்சிதமா நடுவுல ஓடும். மக்காச்சோளம் 60 செ.மீ.ன்னா நாலு வரிசைக்கு 120 டிராக் வேணும், மூணு வரிசைக்கு 180.

கடலைக்கு 30 செ.மீ.ல என்ன செஞ்சாலும் பெரிய டயர் நுழையாது. 13.6 சைஸே 34 செ.மீ.க்கு மேல, 30 செ.மீ. சந்துல எப்படிப் போகும்? ரெண்டு வழிதான். ஒண்ணு, 8.3 மாதிரி ஒல்லி டயர் போட்ட மினி டிராக்டர், 21 செ.மீ. அகலம், அஞ்சு வரிசை, டிராக் 90. இல்லன்னா அந்த ரெண்டாவது, ஏழாவது வரிசையை அடைச்சுட்டு அங்க வண்டிக்குப் பாதை விட்டுடுங்க. களை எடுக்க, மருந்து அடிக்க அதே பாதையில போங்க. "ரெண்டு வரிசை நஷ்டமாச்சே"ன்னு உடனே வருவீங்க. ஏற்கெனவே அது நஷ்டம்தான் சாமி, விதைக் கடலையாவது மிஞ்சும். ஆஸ்திரேலியாவுல நிலம் பூரா நிரந்தரமா தடம் போட்டு அதுல மட்டும்தான் வண்டியை விடுறாங்க. அங்கேர்ந்து ஒருத்தர் வந்து இதையே இங்கிலீஷ்ல சொல்லியிருந்தா அன்னைக்கு எல்லாரும் நோட்ஸ் எடுத்திருப்பீங்க.

என்னை உறுத்துறது அதுதான். சேலை கட்டிக்கிட்டு ராமமூர்த்தி நகர்லேர்ந்து பஸ் மாறி வந்த ஒருத்தி, அக்கவுன்ட்ஸ் வேலை பாக்குறவ, டயரைப் பத்திக் கேட்டா அது காமெடி. அன்னைக்கு விழுந்து விழுந்து சிரிச்சவங்கள்ல எத்தனை பேர் டிராக்டர்ல ஏறி உக்காந்திருக்கீங்க? போட்டோவுக்கு உக்காந்ததைக் கேக்கல. பர்கூர்ல தம்பி நிலத்துல ஞாயித்துக்கிழமை நான் என்ன செய்றேன்னு உங்களுக்குத் தெரியாது, நான் போஸ்ட் போடுறதில்ல. மண்ணை எடுத்து உருட்டிப் பார்ப்பேன். கயிறு மாதிரி நீண்டு வந்துதுன்னா வண்டியைத் திருப்பி அனுப்பிடுவோம். அந்த நாள் வாடகை போனாலும் பரவாயில்லன்னு தம்பி திட்டிக்கிட்டே அனுப்புவான்.

அப்புறம் அந்த இன்னொரு கமென்ட். "பஞ்சர் கடைக்காரர் பொண்ணுக்கு வேற என்ன தெரியும்." நாப்பத்தி சொச்சம் பேர் சிரிப்பு பொம்மை போட்டிருக்கீங்க. அதுல என் வீட்டுல சாப்பிட்டவங்களும் இருக்கீங்க, பெயர் பார்த்தேன். எங்க அப்பா பஞ்சர் கடை வைக்கல. வச்சிருந்தா எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனேக்கல் போற வழியில நாலு பஞ்சர் கடை இருக்கு. அதுல ஒண்ணுல வண்டியை நிறுத்திக் கேட்டிருந்தாக்கூட காத்து ஜாஸ்தின்னு சொல்லி இறக்கி விட்டிருப்பாங்க, காசுகூட வாங்கியிருக்க மாட்டாங்க.

விதைச்ச அன்னைக்கு வீடியோ போட்டவங்க முளைப்பு வந்ததும் ஒரு போட்டோ போடுங்க. ரெண்டாவது, ஏழாவது வரிசையும் ஃபிரேம்ல வரணும்.

உங்க டிராக்டர் டிராக் அளவு, டயர் சைஸ், என்ன பயிர், வரிசை இடைவெளி எவ்வளவு, இந்த நாலும் கமென்ட்ல போட்டா எந்த வரிசை மாட்டுதுன்னு கணக்குப் போட்டுத் தரேன். ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் பதில் வரும், ஆபீஸ்ல குவார்ட்டர் கடைசி. அப்பாவைப் பத்தி ஒரு வார்த்தை வந்தாலும் பிளாக்.