பத்தாண்டு கெடு எதற்கு?

கல்லூரிச் சேர்க்கை பற்றிய இந்தப் பேச்சில், இட ஒதுக்கீடு பத்து வருஷத்துக்குத்தான் என்று அரசியலமைப்பிலேயே இருப்பதாகக் கடலூர் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். பலரும் அதை அப்படியே பகிர்ந்திருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அண்ணா, பத்தாண்டு கெடு என்று ஒன்று இருந்தது உண்மைதான். ஆனால் அது கல்விக்கோ வேலைக்கோ வைத்ததல்ல. பிரிவு 334-இல் வரும் அந்தக் கெடு மக்களவை, சட்டப்பேரவை இடங்களுக்கானது. நம் பக்கத்துச் சிதம்பரம் மக்களவைத் தொகுதி, திட்டக்குடி, காட்டுமன்னார்கோவில் சட்டமன்றத் தொகுதிகள் போன்ற தனித் தொகுதிகளுக்கு. நாடாளுமன்றம் பத்துப் பத்து ஆண்டாக நீட்டி வருவதும் அதைத்தான். கடைசியாக 104-ஆவது திருத்தம், 2030 ஜனவரி வரை.

கல்வி ஒதுக்கீட்டுக்கு அடிப்படையான பிரிவு 15(4), அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950-இல் இருக்கவே இல்லை. செண்பகம் துரைராஜன் வழக்கில் கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை செல்லாது என்று தீர்ப்பாகி, இங்கே கிளர்ச்சி கிளம்பிய பிறகு, 1951-இல் முதல் திருத்தத்தில் சேர்த்தது அது. நம் மக்கள் தெருவில் இறங்கிப் பெற்ற வரி. வேலைக்கு 16(4). இரண்டிலும் ஆண்டுக் கணக்கே கிடையாது.

யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். அரசியலமைப்பு முழுவதும் மத்திய சட்ட அமைச்சகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. 334-ஐப் படித்துவிட்டு 15, 16-க்குப் போங்கள், பத்து நிமிஷ வேலை.

வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிற பிள்ளையிடம், “உன் சீட்டு எப்பவோ முடிஞ்சிருக்கணும்” என்று சொல்ல வைக்கிற தகவல் இது. பகிர்ந்தவர்கள் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.