மாகாணி தெரியாதவர்கள் சிரிக்கிற சிரிப்பு

அந்தக் காலத்துப் படிப்பைக் கேலி செய்கிற அந்தப் பள்ளி ஆண்டுவிழா நாடக வீடியோ எல்லாருக்கும் போனில் வந்திருக்கும். திண்ணைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் குறட்டை விடுகிறார், பையன்கள் மணலில் வீடு கட்டுகிறார்கள், கடைசியில் பெருவிரலில் மை. கைநாட்டாம்! அரங்கமே சிரிக்கிறது.

மணல் விளையாடக் கொட்டியது இல்லை ஐயா. விரலால் இழுத்து இழுத்துக் கை படிந்த பிறகுதான் ஓலை. அதில் இடது கட்டைவிரல் எழுத்தாணிக்கு முட்டுக்கொடுக்கும், நகர்வது ஓலைதான். அழுத்திவிட்டால் நரம்போடு கிழியும், அழுத்தாவிட்டால் தடவுகிற கரி தங்காது. புள்ளி குத்தினால் ஓலை பொத்தலாகும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைப்பதில்லை. க-வா, க்-கா என்று இடம் பார்த்துப் படிக்க வேண்டும். சிறுபிள்ளைகள் படித்தார்கள்.

தாத்தாக்கள் காலத்தில் ஸ்லேட் வந்துவிட்டது. பின்னங்களும் வாய்ப்பாடும் அடங்கிய எண்சுவடி போகவில்லை. ஏன் போகும்? தஞ்சாவூர்ப் பக்கம் நில அளவில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. சுவடியிலும் மா என்றால் 1/20. காணி 1/80. இரண்டையும் கூட்டினால் மாகாணி, 1/16. பேரே கணக்கு! ரூபாய்க்கு 16 அணா, ஆக மாகாணி ரூபாய் ஓரணா. வேலிக்கு 160 கலம் நெல் குத்தகை என்றால் மாவுக்கு 8, காணிக்கு 2, முந்திரிக்கு, அதாவது 1/320-க்கு, அரைக்கலம். கலத்துக்கு 12 மரக்கால், ஆக 6 மரக்கால். களத்துமேட்டில் நெல்லை அளக்கும்போதே வாய் சொல்லும்.

“வெறும் மனப்பாடம்தானே” என்பீர்கள். ஆமாம், மனப்பாடம். நீங்கள் வாய்ப்பாட்டைக் கனவிலா கற்றீர்கள்? வகுப்புக்குத் தலைவனான சட்டாம்பிள்ளை முறை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மணலில் எழுதுவதையும் மூத்த பையன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் ஆண்ட்ரூ பெல் என்ற வெள்ளைக்காரப் பாதிரி சென்னையில் கையாண்டு, 1797-ல் லண்டனில் புத்தகமாகவே போட்டார். அங்கே அதற்குப் பேர் ‘மெட்ராஸ் முறை’. இங்கே நாடகத்தில் கோமாளி.

கோதண்டம்? கொடுமைதான். உத்தரத்துக் கயிற்றில் பிள்ளையைத் தொங்கவிட்டதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. சேரிப் பிள்ளைக்குத் திண்ணையில் இடமில்லை என்பதும் நிஜம். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதை நாடகமாகப் போட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு பார்த்திருப்பேன். போடவில்லையே! குறட்டைதானே போட்டார்கள்?

1957 ஏப்ரலில் நயா பைசா வந்தது. ரூபாய்க்கு 100 பைசா. மாகாணிக்கு ஆறேகால் பைசா என்று எந்தக் கடையில் கொடுப்பார்கள்? அதுவரை ஊரே கூப்பிட்டுக் கணக்குக் கேட்ட மனுஷனைப் பேரப்பிள்ளைகளே ‘படிக்காத கிழவர்’ ஆக்கிவிட்டோம். கையெழுத்து முத்து முத்தாக இருந்தவரை, ஐயா.

நாடகம் எழுதியவருக்கு ஒரு கணக்கு. வேலிக்கு அதே 160 கலம். ஒரு மாவும் அரைக்காணியும் உள்ள நிலத்துக்கு எத்தனை கலம்? போனை எடுக்காமல் சொல்லுங்கள்.