வெளிறிய பவளம் இறந்த பவளம் அன்று

கடல் வெப்பத்தால் வெளுத்த பவளங்களின் படத்துடன், ‘இவை செத்துவிட்டன, இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை’ என்று பரவும் செய்தி தவறானது. பவளம் ஒரு விலங்கு. அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்பாசிகளே அதற்கு நிறத்தையும் உணவின் பெரும்பகுதியையும் தருகின்றன. வெப்பம் மிகும்போது அவை வெளியேறிவிடுவதால், ஒளி ஊடுருவும் திசுவின் வழியே வெள்ளைச் சுண்ணாம்புக்கூடு தெரிகிறதே தவிர, உற்றுநோக்கினால் அதன்மேல் சிறு உணர்கொம்புகள் இன்னும் அசைவதைக் காணலாம். உண்மையில் இறந்த பவளத்தின் மீதோ விரைவிலேயே பாசி படர்ந்துவிடும். நீர் விரைவில் குளிர்ந்தால் பவளம் பிழைக்கும். வெப்பம் நீடித்தால் பட்டினியால் மடியும்.

1998-இல் இத்தகைய வெளிறலால் பவளங்களில் பெரும்பகுதியை இழந்த ஆஸ்திரேலியாவின் ஸ்காட் பவளத்திட்டுகூட, தூய நீரும் பாசி மேயும் மீன்களும் இருந்ததால், சுமார் 12 ஆண்டுகளில் மீண்டது. அதே நாட்டின் வடகிழக்குக் கரையோரம் நீளும் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு (Great Barrier Reef) அந்த அவகாசம் கிடைக்கவில்லை என்பதே கவலைக்குரியது: அங்கு 2016, 2017 என அடுத்தடுத்த ஆண்டுகளில் பவளங்கள் வெளிறின.